பழைய கணனியை இரும்புக்கு நிறுத்துக் கொடுக்கும் முன்னர்

எமது கிராமங்களின் சங்கக் கட்டடங்களிலும் பங்குமனைகளிலும் முன்பள்ளி அறைகளிலும் மூலையில் ஒதுக்கப்பட்டுக் கிடக்கும் பழைய கணனிகளைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கின்றது. மஞ்சள் பிடித்த பெட்டி, அதன்மேல் உரப்பை மூடி, அந்த உரப்பையின் மேல் பழைய பதிவேடுகள். பெட்டிக்குள்ளே பல்லி முட்டையிட்டிருக்கும். "அது வேலை செய்யாது சுவாமி" என்று சங்கச் செயலாளர் சொல்லுவார். பழைய இரும்பு சேர்க்கும் வாகனம் ஒலிபெருக்கியோடு ஒழுங்கைக்குள் வருகின்ற நாளில் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுத்துவிடுகின்றார்கள்.

அப்படிக் கொடுக்கக் கூடாது என்பதே எனது கருத்து. பழம்பொருள் மீது கொண்ட ஆசையால் இதைச் சொல்லவில்லை. அந்தப் பெட்டிகளுக்குள் இருக்கும் வன்தட்டுக்களிலே எமது மக்களின் பெயர்கள் இருக்கின்றன.

2002 ஆம் ஆண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர் வன்னிக்குப் பல கணனிகள் வந்தன. தொண்டு நிறுவனங்கள் கொண்டுவந்தன. பங்குகளுக்கும் கமக்காரர் அமைப்புக்களுக்கும் வெளிநாட்டு உறவினர் அனுப்பினர். அவற்றிலே நாம் என்ன தட்டச்சுச் செய்தோம்? எந்தக் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில் இடம்பெயர்ந்து வந்தது; எந்தக் குளத்தின் கீழ் எத்தனை ஏக்கர் வயல்; மேட்டுக்காணி எத்தனை பரப்பு; அனுமதிப்பத்திரத்தின் இலக்கம்; கிணறு கட்டுக்கிணறா, துரவா; எத்தனை மாடு; எவ்வளவு கடன், எவ்வளவு திருப்பிக் கட்டியாயிற்று. நிவாரணத்துக்காகவும் விதைநெல் பகிர்வுக்காகவும் எடுத்த பட்டியல்கள்தான் அவை. எடுத்த வேளையில் அவற்றுக்கு அதற்குமேல் மதிப்பு இருப்பதாக எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். 2008 இலும் 2009 இலும் ஊர் ஊராக ஓடிய வேளையில் கடதாசிகள் மழையிலும் நெருப்பிலும் போயின. பிரதேச செயலகங்களின் கோவைகள் பலவும் அவ்வாறே போயின. எங்கோ முன்கூட்டியே வெளியே கொண்டுபோகப்பட்ட ஒரு பெட்டியிலும், யாரோ ஒருவர் பொலித்தீனில் சுற்றிக் காவித் திரிந்த ஒரு தட்டிலும் சில பட்டியல்கள் தப்பியிருக்கின்றன.

இதன் பெறுமதி என்னவென்பதை அண்மையில்தான் பலர் உணர்ந்தார்கள். 2025 மார்ச் 28 ஆந் திகதி அரசாங்கம் ஒரு வர்த்தமானி அறிவித்தலை வெளியிட்டது. வடமாகாணத்திலே 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் அதை முன்வைக்க வேண்டும், தவறினால் அவை அரச காணியாகக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். எதிர்ப்புக்கள் எழுந்தன, வழக்கும் தொடரப்பட்டது, அறிவித்தல் பின்னர் மீளப் பெறப்பட்டது. ஆனால் அந்த நாட்களில் எமது மக்கள் உறுதியையும் பெர்மிட்டையும் தேடிப் பெட்டகங்களைக் கிளறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். மூன்று மாதம் என்பது ஒரு சிறுபோகத்திற்குக்கூடப் போதாத காலம்.

பட்டியல் ஒன்று காணி உறுதியாகிவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகின்றேன். சங்கம் எடுத்த கணக்கை வைத்துக்கொண்டு எவரும் காணிக்கு உரித்தாளர் ஆக முடியாது. ஆனால் அதிலே பெர்மிட்டின் இலக்கம் இருந்தால், 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேணப்படும் பேரேட்டில் தேடுவதற்கு ஒரு நுனி கிடைக்கின்றது. உறுதி இலக்கம் இருந்தால் காணிப் பதிவகத்தில் தோம்பு பார்க்கலாம். நுனி கிடைக்காதவன் அலுவலகம் அலுவலகமாக அலைவான். கணனியிலிருந்து எடுத்த பதிவுகளை நீதிமன்றத்தில் சான்றாக முன்வைப்பதற்கு 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வழி வைத்திருக்கின்றது. அதற்குரிய அறிவித்தல்கள், சத்தியக்கடதாசிகள் பற்றி ஒரு சட்டத்தரணியிடம் கேட்டறிய வேண்டும்.

ஆகவே தட்டிலுள்ளதை வெளியே எடுப்பது எப்படி என்பதுதான் கேள்வி. பெரும்பாலான இடங்களில் அதற்குத் தடையாக நிற்பது ஒரு நெல்மணியளவு சாமான். அதன் பெயர் ஜம்பர்.

இரண்டு வயலும் ஒரு வாய்க்காலும்

2000 ஆம் ஆண்டையொட்டிய கணனிகளிலே இருந்த வன்தட்டுக்கள் ஐ.டி.ஈ. என்ற வகையைச் சேர்ந்தவை. 1986 அளவில் வெஸ்ரேண் டிஜிற்றல் நிறுவனமும் கொம்பாக் நிறுவனமும் முன்னின்று உருவாக்கிய முறை இது. பல ஆண்டுகள் வீட்டுக் கணனிகளை ஆண்டது. 2003 இலிருந்து சாற்றா என்ற புதிய வகை வரத் தொடங்கியது. 2006 இல் இன்ரெல் நிறுவனம் தன் புதிய சிப் தொகுதியில் ஐ.டி.ஈ. வழியை விட்டுவிட்டது. இன்று கடையில் வாங்கும் கணனியில் இந்தப் பழைய தட்டைக் கொழுவ இடமே இல்லை. அதனால்தான் பலர் "இனி இதைப் பார்க்க ஏலாது" என்று கைவிரிக்கின்றார்கள். பார்க்க ஏலும்.

பழைய தட்டின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் நாற்பது ஊசிகள் இரண்டு வரிசையாக நிற்கும். (நடுவில் ஒன்று இல்லாமலும் இருக்கலாம், கேபிளைத் தலைகீழாகக் குத்தாமல் இருப்பதற்காக வேண்டுமென்றே விட்ட வெளி அது.) மறுபக்கத்தில் மின்சாரத்திற்கான நான்கு தடித்த ஊசிகள். இரண்டுக்கும் இடையில், எட்டு அல்லது பத்துச் சிறிய ஊசிகள் கொண்ட ஒரு சின்னத் தொகுதி. அதிலே இரண்டு ஊசிகளைச் சேர்த்து ஒரு பிளாஸ்ரிக் தொப்பி போட்டிருக்கும். தொப்பிக்குள்ளே ஒரு உலோகத் துண்டு இருக்கின்றது. அது இரண்டு ஊசிகளையும் தொடுத்துவிடுகின்றது. ஜம்பர் என்பது அவ்வளவுதான். மடையில் போடும் பலகையைப் போல, போட்டால் ஒரு வழி, எடுத்தால் வேறு வழி.

அது ஏன் தேவைப்பட்டது? தாய்ப்பலகையிலிருந்து வரும் ஒரே பட்டைக் கேபிளில் இரண்டு தட்டுக்களைக் கொழுவலாம். இரண்டு வயலுக்கு ஒரு வாய்க்கால் மாதிரி. கட்டளை வரும்போது இரண்டு தட்டுக்களுக்கும் அது கேட்கும். "இது உனக்கு, இது எனக்கு" என்று அவை பிரித்தறிய வேண்டுமே. ஒன்றை முதலாவது என்றும் மற்றதை இரண்டாவது என்றும் முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். அந்தக் குறிப்பைத்தான் ஜம்பர் செய்கின்றது. இரண்டு பேருமே "நானே முதல் முறைக்காரன்" என்று நின்றால் வாய்க்காலில் என்ன நடக்கும் என்பது கமக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணனியிலும் அதுதான்: ஒன்றுமே தென்படாது, அல்லது இயந்திரம் தொடங்காமல் திகைத்து நிற்கும். இரண்டுமே இரண்டாவது என்று இருந்தாலும் அதே கதை.

முதலாவதற்கு மாஸ்ரர் என்றும் இரண்டாவதற்கு ஸ்லேவ் என்றும் பெயர் வைத்தார்கள். எசமான், அடிமை. இந்தப் பெயர்கள் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. குடிமை, அடிமை என்ற சொற்கள் எமது மண்ணில் யாரைக் குறித்து வழங்கின என்பதை அறிந்தவர் எவருக்கும் பிடிக்காது. அது பிழையான பெயரும்கூட. மாஸ்ரர் ஸ்லேவை ஆள்வதில்லை. ஒவ்வொரு தட்டும் தன் சொந்த மூளையோடு தன் வேலையைச் செய்கின்றது. தொடங்கும் வேளையில் மாத்திரம் முதலாவது தட்டு, மற்றது உடன் இருக்கின்றதா, சுகமாக எழும்பிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளும். பின்னாளில் தரநிர்ணய ஏடுகளிலே 'சாதனம் 0', 'சாதனம் 1' என்றே எழுதினார்கள். 2003 இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட நிர்வாகம் தனக்குப் பொருள் விற்போரிடம் இச்சொற்களைத் தவிர்க்கும்படி கேட்டபோது பலர் சிரித்தார்கள். நான் சிரிக்க மாட்டேன். ஆனாலும் உங்கள் கையில் இருக்கும் தட்டில் அந்தப் பெயர்களே அச்சிடப்பட்டிருக்கும், ஆதலால் அறிந்திருக்க வேண்டியிருக்கின்றது.

மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு: கேபிள் செலக்ற். தட்டு தானாக எதையும் சொல்லாமல், கேபிளில் தான் இருக்கும் இடத்தைக் கொண்டு முதலாவதா இரண்டாவதா என்று அறிந்துகொள்ளும். இதற்கு ஏற்ற கேபிள் வேண்டும். 1999 அளவிலிருந்து வந்த எண்பது கம்பிக் கேபிள்களிலே நீல முனை தாய்ப்பலகைக்கு, கறுப்பு முனை முதலாவது தட்டுக்கு, நடுவிலுள்ள சாம்பல் நிற முனை இரண்டாவது தட்டுக்கு. கம்பிகள் மயிரிழைபோல் மெல்லியதாக நெருங்கி இருந்தால் எண்பது. சற்றுத் தடித்து இருந்தால் நாற்பது. இரண்டும் ஒரே நாற்பது ஊசியில்தான் ஏறும். நாற்பது கம்பிக் கேபிளை நம்பிக் கேபிள் செலக்ற் போட வேண்டாம்; மாஸ்ரர் அல்லது ஸ்லேவ் என்று நேரடியாகக் குறிப்பதே நல்லது. ஒரு தட்டு மாத்திரம் இருந்தால் அதைக் கேபிளின் நடுவில் தொங்கவிடாமல் கடைசி முனையிலே கொழுவுங்கள்.

ஜம்பரை எந்த ஊசியில் போடுவது? இங்கேதான் பலர் தடுமாறுகின்றார்கள். எல்லாக் கம்பனிக்கும் ஒரே விதி இல்லை. தட்டின் மேல் ஒட்டிய தாளில் சிறிய படமாகப் போட்டிருப்பார்கள். அதையே நம்ப வேண்டும். தாள் மங்கியிருந்தால் ரோச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துக் கைபேசியில் ஒரு படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள், பெரும்பாலும் தெரியும். வட்டத்தட்டு றைவ்களில் ஊசிகளுக்கு மேலேயே மாஸ்ரருக்கும் ஸ்லேவுக்கும் கேபிள் செலக்றுக்கும் உரிய ஆங்கில எழுத்துக்கள் பொறித்திருக்கும்.

ஒரு உதாரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல தட்டுக்கள் பல "செத்துப் போச்சு" என்று தீர்ப்பிடப்பட்டது இதனால்தான். வெஸ்ரேண் டிஜிற்றல் தட்டுக்களிலே 'தனித்தட்டு' என்று ஒரு நிலை வேறாக இருக்கின்றது. கேபிளில் அது மாத்திரம் இருக்கும்போது ஜம்பரைக் கழற்றிவிட வேண்டும். அதை மாஸ்ரர் என்ற இடத்தில் போட்டுவிட்டுத் தனியே கொழுவினால், அது கூட வரவேண்டிய இரண்டாவது தட்டைத் தேடிக்கொண்டு நிற்கும். கணனி "தட்டு இல்லை" என்று சொல்லிவிடும். இதற்கு மாறாக, சீகேற் தட்டுக்கள் பலவற்றில் ஜம்பரே இல்லாவிட்டால் அது ஸ்லேவ் என்று பொருள். தனியே கொழுவினாலும் மாஸ்ரர் இடத்தில் ஜம்பர் இருக்க வேண்டும். ஒரு கம்பனியில் வெறும் ஊசி தனித்தட்டைக் குறிக்கும், இன்னொன்றில் இரண்டாவது தட்டைக் குறிக்கும். இதை அறியாத ஒருவர் இரண்டு தட்டையும் ஒரே விதமாகப் போட்டுப் பார்த்து, ஒன்று வேலை செய்யாவிட்டால் அந்தத் தட்டைக் குற்றம் சொல்லுவார்.

நகரத்துக் கடையொன்றில் இப்படி ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டதை நான் அறிவேன். மாதர் சங்கமொன்றின் கணனிக்கு இன்னொரு தட்டுச் சேர்த்தார்கள். இரண்டுமே மாஸ்ரர் நிலையில் இருந்தன. பழையது பழுது என்று சொல்லி அதற்கும் புதிதாக ஒன்று விற்றார்கள். அந்தப் "பழுதான" தட்டு பின்னர் ஒரு ஜம்பரை மாற்றியதும் ஓடியது. சங்கத்தின் ஆறு வருடச் சேமிப்புக் கணக்கு அதற்குள்ளேதான் இருந்தது. கடைக்காரர் ஏமாற்றினாரா, அறியாமற் செய்தாரா என்பது எனக்குத் தெரியாது. சங்கத்தில் ஒருவராவது இதை அறிந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திராது.

பிழையான இடத்தில் மாஸ்ரர், ஸ்லேவ் ஜம்பரைப் போட்டதனால் தட்டு எரிந்துவிடுவதில்லை. தெரியாமல் போகும், அவ்வளவுதான். மின்சாரத்தை நிறுத்தி, மாற்றிப் போட்டு, மறுபடி பார்க்கலாம். பயம் வேண்டியது வேறு இடங்களில். மின்சாரம் ஓடும்போது ஜம்பரையோ கேபிளையோ தொடாதீர்கள். சுவரிலிருந்தே பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மின்வழங்கிப் பெட்டியை ஒருநாளும் திறக்கக் கூடாது. வேலை தொடங்குமுன் கணனிப் பெட்டியின் வெறும் தகரத்தை ஒருமுறை தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்ளுங்கள். நான்கு கம்பி மின்முனை ஒரு பக்கமாகத்தான் ஏறும். ஏறாவிட்டால் பலவந்தம் பண்ண வேண்டாம், திருப்பிப் பாருங்கள். பட்டைக் கேபிளின் ஓரத்தில் உள்ள சிவப்புக் கோடு பெரும்பாலும் மின்முனைப் பக்கமாக இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் பெட்டியின் முன்னாலுள்ள சிறு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். அது ஒரு அடையாளம்.

சில தட்டுக்களிலே இன்னொரு ஜம்பரும் இருக்கும். 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தட்டைக் கண்டால் திகைத்து நின்ற பழைய கணனிகளுக்காக, தட்டைச் சிறியதாகக் காட்டும் ஜம்பர் அது. நாற்பது என்று எழுதியிருக்கும் தட்டு முப்பத்திரண்டு என்று காட்டினால் பதற வேண்டாம்.

எடுப்பது எவ்வாறு

பழைய தட்டு கிடந்த கணனியையே எழுப்பிப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நான் அதை விரும்புவதில்லை. விண்டோஸ் தொடங்கும்போதே தட்டில் எதையெதையோ எழுதத் தொடங்கிவிடும். பல வருடம் கிடந்த தட்டில் எழுதுவதைக் குறைத்து வாசிப்பதையே செய்ய வேண்டும். நல்ல நிலையில் உள்ள வேறு ஒரு கணனியில் அதை இரண்டாவது தட்டாகக் கொழுவுங்கள். அதற்கு ஐ.டி.ஈ. வாயில் உள்ள ஒரு பழைய பென்ரியம் 4 இருந்தால் மிக நன்று. இலகுவான வழி, அதிலுள்ள வட்டத்தட்டு றைவின் கேபிளையும் மின்முனையையும் கழற்றி, அந்த இடத்தில் எமது தட்டைக் கொழுவுவது. அந்தக் கேபிளில் அது ஒன்றே இருக்கும் என்பதால் மாஸ்ரர் நிலை. வெஸ்ரேண் டிஜிற்றல் என்றால் ஜம்பர் இல்லாத தனித்தட்டு நிலை. கணனியின் சொந்தத் தட்டைத் தொடவே தேவையில்லை. பயோஸ் பக்கத்திலே தட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் நிலையில் விட்டுவிடுங்கள். கணனி சொந்தத் தட்டிலிருந்தே தொடங்குகின்றதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். திகதி பழைய ஆண்டைக் காட்டினால் தாய்ப்பலகையிலுள்ள காசு போன்ற 3 வோல்ற் பற்றறி செத்துவிட்டது. கடையில் 2032 என்ற இலக்கத்தைச் சொன்னால் தருவார்கள்.

பழைய கணனி கிடைக்காவிட்டால், ஐ.டி.ஈ. தட்டை யூ.எஸ்.பி. வாயில் கொழுவும் மாற்றி ஒன்று விற்கின்றார்கள். தட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தரும் தனிப் பெட்டியோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பெரிய தட்டு சுழலாது. அதிலும் தட்டு தனியே நிற்பதால் ஜம்பர் விதி மேலே சொன்னதுதான். மடிக்கணனித் தட்டு சிறியது, அதன் ஊசிகளும் நெருக்கமானவை. அதிலே ஜம்பர் இல்லாவிட்டால் மாஸ்ரர் என்பது வழக்கம். ஓரத்திலுள்ள நான்கு ஜம்பர் ஊசிகளையும் சேர்த்து முனையைக் குத்திவிடாமல் மிகக் கவனமாக இருக்க வேண்டும். ஊசி வளைந்தால் நிமிர்த்துவது பாடு.

தட்டு சுழலும் சத்தம் கேட்கின்றதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். மெல்லிய இரைச்சல் நல்லது. 'டக், டக்' என்று ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். உள்ளே ஊசி தடுமாறுகின்றது, ஓடவிட ஓடவிட உள்ளதும் போகும். தட்டின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. உள்ளே ஒரு தூசு விழுந்தாலும் பெருங்கேடு. வெள்ளத்தில் நனைந்ததையும் நிலத்தில் புதைத்து வைத்து எடுத்ததையும் ஆசைப்பட்டு மின்சாரத்தில் போட வேண்டாம். அவை கைதேர்ந்தவர் கைக்கே போக வேண்டும்.

தட்டு தெரிந்ததும் விண்டோஸ் சில வேளை ஒரு கேள்வி கேட்கும்: "இந்தத் தட்டைப் பயன்படுத்த அதை ஃபோமற் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று. வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டிலே ஒரு தாளில் எழுதிக் கணனிக்கு மேல் ஒட்டிவைத்தாலும் நல்லது. அந்த ஒரு 'ஆம்' என்பதால் ஒரு கிராமத்தின் பட்டியல் கண்ணெதிரே போய்விடும். ஃபோமற் கேட்கும் தட்டை அப்படியே கழற்றி, அறிந்தவரிடம் கொடுங்கள்.

கோப்புக்களைத் திறந்தவுடன் இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கின்றது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கிறுக்கலாகவே பக்கம் முழுவதும் தெரியும். "வைரஸ் தின்றுவிட்டது" என்று இளைஞர்களே அழித்துவிடுகின்றார்கள். ஒன்றும் தின்னவில்லை. அக்காலத்தில் நாம் பாமினி போன்ற எழுத்துருக்களிலே தமிழைத் தட்டச்சுச் செய்தோம்; அந்த எழுத்துரு இல்லாத கணனியில் அது ஆங்கிலமாகவே தெரியும். பாமினியைக் கணனியில் ஏற்றியவுடன் கிறுக்கல் தமிழாகிவிடும். இன்றைய யூனிகோட் எழுத்துக்கு மாற்றித்தரும் கருவிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பிரதியிலே மாற்றுங்கள்.

இதை யார் செய்வது? ஒவ்வொரு கூட்டத்திலும் எழும் கேள்வி இது. கமம் செய்கின்ற பிள்ளைகளால் ஏலாது, படித்தவர் வரவேண்டும் என்று பெரியவர்களே சொல்லுகின்றார்கள். 1990 களில் எரிபொருளும் பற்றறியும் தடைப்பட்ட காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினோம். தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுகின்ற கைகளுக்கு இரண்டு ஊசியில் ஒரு தொப்பியைப் போட முடியாதா? ஒரு பிற்பகலில் கற்றுக்கொடுக்கலாம். பெண் பிள்ளைகளையும் இதில் அமர்த்துங்கள். வளைந்த ஊசியை நிமிர்த்தும் பொறுமை அவர்களிடம் கூடுதலாக இருப்பதை நான் கண்டிருக்கின்றேன்.

எமக்கு உதவி செய்பவர்களிடமும் ஒரு குறை உண்டு. புதிய மடிக்கணனி தருவதற்கு நிறுவனங்கள் முன்வருகின்றன. படம் எடுத்து அறிக்கையில் போடலாம். பழைய தட்டிலிருப்பதை எடுத்துத் தருவதற்கு ஒரு மாற்றியும் இரண்டு நாள் பயிற்சியும் கேட்டால், அது திட்டத்தில் இல்லை என்கிறார்கள். திருச்சபையைச் சேர்ந்த நாமும் இதற்கு விலக்கல்ல. கணனி வகுப்பு என்றால் சான்றிதழ் கொடுக்கும் வகுப்பாகவே நடத்துகின்றோம். பெட்டியைத் திறந்து காட்டும் வகுப்பு மிக அரிது.

எடுத்த பட்டியல்களை யார் வைத்திருப்பது என்பதும் சிறிய விடயமன்று. அதிலே கைம்பெண்களின் பெயர் இருக்கும், காணாமல் ஆக்கப்பட்டோரின் பெயர் இருக்கும், யாரிடம் என்ன காணி இருக்கின்றது என்பதும் இருக்கும். கெட்ட எண்ணம் கொண்ட ஒருவன் கையில் அது போனால் உதவி செய்த பட்டியலே உபத்திரவம் செய்யும். ஆகவே கணனியை எவருக்காவது கொடுப்பதாயினும், இரும்புக்கு விற்பதாயினும், வன்தட்டை முதலில் கழற்றி எடுத்துவிடுங்கள். நான்கு திருகாணி, இரண்டு கேபிள். திருத்துவதற்குக் கடைக்குக் கொடுத்தால் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். பிரதியைப் பங்குத்தந்தை தனியே வைத்திருப்பதையும் நான் ஏற்கமாட்டேன். தந்தையர் மாற்றலாகிப் போவார்கள், மேசை லாச்சி பூட்டிக் கிடக்கும். சங்கத்தில் மூவர் கையொப்பமிட்டு ஒரு பிரதி, பங்குமனையில் ஒரு பிரதி, தேவையான பக்கங்களுக்குக் கடதாசிப் பிரதி ஒன்று. யூ.எஸ்.பி. குச்சியை மாத்திரம் நம்ப வேண்டாம், அதுவும் ஒருநாள் வாய் திறக்காமல் போகும். தன் குடும்பத்தின் பக்கத்தைக் கேட்டு வருகின்ற எவருக்கும் அதை இலவசமாக அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். அடுத்தவரின் பக்கத்தைக் கொடுக்கக் கூடாது.

காலபோக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், காற்றிலும் ஈரம் குறைந்திருக்கும். அந்த நாட்களில் ஒவ்வொரு பங்கும் தன் கிராமங்களிலுள்ள தட்டுக்களை ஒரு நாள் ஓரிடத்தில் சேர்த்துப் பார்க்க ஒழுங்கு செய்யலாம். வருபவர்கள் தட்டை வெயிலில் வைக்காமல், துணியில் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். கேபிளையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். கழற்றுவதற்கு முன் ஜம்பர் இருந்த இடத்தைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, தட்டின் மேல் ஒரு துண்டு ஒட்டி அதிலே சங்கத்தின் பெயரையும், எந்த ஆண்டு வரை அந்தக் கணனி பாவனையில் இருந்தது என்பதையும் எழுதிவிடுங்கள்.